பதினாறில் ஏழு

அக்டோபர் 9, திங்கள்

சட்டையெல்லாம் சாக்பீஸ் தூள். மருந்துக் கடை வேலை முடிந்து வந்த மனைவி பார்த்துவிட்டு, "மாவு மில்லுல வேலை கிடைச்சிருச்சா?" என்று கேட்டாள். செய்தியாளனாக இருந்த காலத்தில் சட்டைப் பையில் மை கசியும். அதற்கும் இவளிடம்தான் பேச்சு வாங்கினேன்.

நான்காம் வகுப்புக்கு இன்று பின்னம் தொடங்கினேன். கணக்கு டீச்சர் பிரசவ விடுப்பில் இருக்கிறார். பத்திரிகையிலிருந்து ஓய்வு பெற்று, வீட்டுக்கு வரும் செய்தித்தாளில் பிழை திருத்திக்கொண்டிருந்த என்னைப் போன மாதம் அக்கா கூப்பிட்டாள். அவள்தான் பள்ளியின் தலைமை ஆசிரியை. "சும்மாதானே உக்காந்திருக்கே, அவ திரும்பி வர்ற வரைக்கும் வந்து கணக்கு எடு" என்றாள். நான் கல்லூரியில் கணக்குப் படித்தவன் என்பது இன்னும் ஞாபகம் இருப்பது அவளுக்கு மட்டும்தான்.

1/3 பெரிதா, 1/4 பெரிதா என்று கேட்டேன். வகுப்பே சேர்ந்து 1/4 என்றது. ஏன்? மூணைவிட நாலு பெரிசு. ஒரே நீளத்தில் இரண்டு காகிதப் பட்டைகளை எடுத்து, ஒன்றை மூன்றாகவும் மற்றதை நான்காகவும் மடித்து, துண்டுகளை அருகருகே வைத்துக் காட்டினேன். முன்பெஞ்ச் பையன் ஒருவன், "நாலு பேருக்குப் பிரிச்சா கம்மியாத்தான் சார் வரும்" என்றான், இதை நான்தான் தெரியாமல் கேட்டுவிட்டேன் என்பதைப் போல.

இரண்டாம் பெஞ்சில் இரட்டைப் பெண்கள். சில நிமிடம் முன்னால் பிறந்தவள் வாய் ஓயாதவள். வகுப்பு அவளுக்கு வைத்த பெயர் ரேடியோ. இளையவள் வாய் திறந்து நான் கேட்டதில்லை. அவள் பெயர் பேட்டரி. ஏதாவது கேட்டால் பெரியவளின் காதில் முணுமுணுப்பாள். பெரியவள் எழுந்து ஒலிபரப்புவாள். பிள்ளைகள் பெயர் வைப்பதில் பத்திரிகையில் தலைப்பு வைக்கும் துணை ஆசிரியர்களைவிடக் கெட்டிக்காரர்கள்.

அக்டோபர் 11, புதன்

தொண்டை கட்டிவிட்டது. எழுதிப் போட்டே பாடம் நடத்தினேன். வகுப்பு வழக்கத்தைவிட அமைதியாக இருந்தது. யோசிக்க வேண்டிய விஷயம்.

அக்டோபர் 17, செவ்வாய்

பின்னங்களைக் கூட்டுவது. 1/2 + 1/3 எவ்வளவு என்று பலகையில் எழுதிவிட்டுத் திரும்புவதற்குள் விடை வந்துவிட்டது. 2/5. மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் மூன்றும் ஐந்து.

அவசரப்படாமல் பட்டைகளை எடுத்தேன். அரையை வைத்து, அதன் பக்கத்தில் மூன்றில் ஒன்றை ஒட்டினேன். ஆறில் ஐந்து பங்கு வந்தது. இன்னொரு பட்டையில் 2/5 மடித்துக் காட்டினேன். அது பாதிகூட இல்லை. "பாதியோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா பாதியைவிடக் குறையுமா?" என்று கேட்டேன். குறையாது என்றார்கள். சிரித்தார்கள்கூட. கீழே உள்ள எண்களை ஒரே எண்ணாக மாற்றிக்கொண்டு பிறகு கூட்டும் முறையைச் சொல்லிக் கொடுத்தேன். எல்லாருக்கும் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அக்டோபர் 20, வெள்ளி

வாராந்திரத் தேர்வு. வேதாளம் மறுபடியும் முருங்கை மரத்தில் ஏறிவிட்டது. 1/2 + 1/4 = 2/6. வகுப்பில் பாதிக்கு மேல் இப்படித்தான். ரேடியோ முறையை மனப்பாடம் செய்து சரியாகப் போட்டிருக்கிறாள். பேட்டரி எல்லாவற்றிலும் மேலும் கீழும் கூட்டியிருக்கிறாள். பத்துக்கு மூன்று.

மாலையில் அக்காவின் அறைக்குப் போனேன். அரையாண்டுத் தேர்வில் கணக்கில் நூற்றுக்கு நாற்பது வாங்காதவர்களை ஜனவரியிலிருந்து பி பிரிவில் உட்கார வைப்பது இந்தப் பள்ளியின் வழக்கம். பி பிரிவு கீழ்த்தளத்தில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய அறை. பிள்ளைகள் குறைவு, மெதுவாக நடத்துவார்கள். அக்காவின் நியாயம் அதுதான்: "நாப்பது பேர்ல ஒருத்தியா முழிச்சுக்கிட்டு உக்கார்றதுக்கு, பதினஞ்சு பேர்ல ஒருத்தியா உக்கார்றது மேல்." நியாயம்தான். அங்கே போய்த் திரும்பி வந்த பிள்ளை உண்டா என்று கேட்டேன். அவள் மேசையில் இருந்த தாள்களை அடுக்கினாள். அந்த அடுக்கல் எனக்குத் தெரியும். அமைச்சர்கள் அப்படி அடுக்குவார்கள்.

அக்டோபர் 24, செவ்வாய்

வாசலில் இரட்டையரின் அப்பா காத்திருந்தார். பேருந்து ஓட்டுநர். சீருடையோடு வந்திருந்தார், வண்டியை டிப்போவில் விட்ட கையோடு.

தேர்வுத் தாளில் கையெழுத்துப் போட்டபோது மார்க்கைப் பார்த்ததாகச் சொன்னார். முதல் வகுப்பில் ஒரு முறை இருவரையும் வேறு வேறு அறையில் உட்கார வைத்தார்களாம். சின்னவள் வீட்டிலும் பேசுவதை நிறுத்திவிட்டாளாம். மருத்துவர் வரை போயிருக்கிறார்கள். திரும்பச் சேர்த்து உட்கார வைத்த பிறகுதான் வீட்டில் வாய் திறந்தாள்; பள்ளியில் இன்றுவரை இல்லை.

"பெரியவகிட்ட நான் ஒரு வார்த்தை பேசினா அவ பத்து பேசுவா சார். சின்னது அப்படி இல்லை. பிரிச்சிட்டீங்கன்னா அது மறுபடி உள்ள போயிரும். அதுக்கப்புறம் எங்களால வெளிய இழுக்க முடியாது."

தேர்வில் நாற்பது வாங்கினால் யாரும் பிரிக்க மாட்டார்கள் என்றேன். அது அவருக்கும் தெரியும். தெரிந்ததையே திரும்பச் சொல்லி அவரை அனுப்பிவைத்தேன்.

அக்டோபர் 31, செவ்வாய்

பட்டை மடித்தால் சரியாகச் சொல்கிறார்கள். எண்ணாக எழுதினால் தப்பாக எழுதுகிறார்கள். ஒரே பிள்ளை, ஒரே மணி நேரத்தில்.

பத்திரிகையில் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் செய்தது புரியவில்லை என்றால் அவரைத் திருத்தக் கூடாது, ஏன் செய்தார் என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். இந்த இரண்டு வாரமாக நான் திருத்திக்கொண்டே இருந்திருக்கிறேன். ஒரு பிள்ளையையாவது கேட்டேனா?

இன்று ஒவ்வொருவராக மேசைக்கு அழைத்துக் கேட்டேன். "அப்படித்தான் சார் கூட்டணும்." யார் சொன்னது? "யாரும் சொல்லலை சார். அப்படித்தான்." ஒரு பையன், "ப்ளஸ்னு போட்டிருக்கீங்களே சார், கூட்டாம என்ன பண்றது?" என்றான். காவல் நிலையத்தில்கூட இதைவிட எளிதாகப் பதில் வாங்கியிருக்கிறேன்.

பேட்டரியை அழைத்தபோது ரேடியோவும் கூடவே வந்து நின்றாள். கேட்டதற்கெல்லாம் அவளே பதில் சொன்னாள். சின்னவள் என் சிவப்புப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 3, வெள்ளி

இதை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும்.

ரேடியோவுக்குக் காய்ச்சல், வரவில்லை. பேட்டரி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். மணி அடித்து எல்லாரும் ஓடிய பிறகு என் மேசைக்கு வந்து, தன் வாராந்திரத் தேர்வுத் தாளை என் முன்னால் வைத்தாள். மேல் மூலையில் விரலை வைத்தாள். 

அங்கே சிவப்பு மையில், என் கையெழுத்தில் இருந்தது:

4/10 + 3/10 = 7/20

இரண்டு வாரத் தேர்வுகளின் மார்க்கும் மொத்தமும். பெற்றோர் கையெழுத்துப் போடுவதற்காக நான் எழுதுவது. மேலும் கீழும் கூட்டி, சமக்குறி போட்டு, அடிக்கோடும் இழுத்திருக்கிறேன்.

அவள் விரலை எடுக்கவில்லை. நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்த பிறகுதான் எடுத்தாள். பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நாற்பது பிள்ளைகளின் தாளிலும் இதே மாதிரி எழுதியிருக்கிறேன். நான் மட்டுமில்லை, முன்னால் இருந்த டீச்சரும், அதற்கு முன் இருந்தவர்களும். இந்தப் பிள்ளைகள் வாழ்க்கையில் பார்த்த முதல் பின்னக் கூட்டல் அவர்களுடைய சொந்த மார்க். அதுதான் அவர்களுக்கு மிக முக்கியமான கணக்கும். அதை ஒவ்வொரு முறையும் வாத்தியார் மேலும் கீழும் கூட்டுகிறார். பிறகு வகுப்புக்கு வந்து, அப்படிக் கூட்டக் கூடாது என்கிறார்.

நான் எழுதியது தப்பா? இல்லையே. பத்துக்கு நாலும் பத்துக்கு மூன்றும் சேர்ந்தால் இருபதுக்கு ஏழுதானே?

அப்படியானால் அவர்கள் எழுதுவது எப்படித் தப்பு?

நவம்பர் 4, சனி

விடுப்பில் இருக்கும் டீச்சருக்குப் போன் செய்தேன். பின்னணியில் குழந்தை அழுதது. "நாங்க எல்லாரும் அப்படித்தானே சார் போடுவோம்" என்றார். கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அய்யய்யோ" என்றார்.

பதில் தெரிகிறது, சொல்ல வரவில்லை. மார்க்கில் கூட்டும்போது கேள்விகளின் எண்ணிக்கையும் கூடுகிறது. முழுசே பெரிதாகிறது. பட்டையில் அரையும் மூன்றில் ஒன்றும் ஒரே பட்டையின் துண்டுகள். முழுசு அப்படியே இருக்கிறது. இதை ஒன்பது வயதுக்குச் சொல்வது எப்படி? மத்தியானம் முழுக்க எழுதி எழுதிக் கிழித்தேன். மனைவி குப்பைக் கூடையை எட்டிப் பார்த்து, "ஊரையே கேள்வி கேட்டவரை ஒரு சின்னப் பொண்ணு விரலைக் காட்டிக் கவுத்துருச்சு" என்றாள். அவளுக்கு இதில் நிரம்ப மகிழ்ச்சி.

நவம்பர் 6, திங்கள்

பலகையில் இரண்டையும் எழுதினேன். 4/10 + 3/10 = 7/20. அதன் கீழே 4/10 + 3/10 = 7/10. எது தப்பு? கை தூக்கச் சொன்னேன். பெரும்பாலோர் கீழே உள்ளதுதான் தப்பு என்றார்கள். மேலே உள்ளதை சாரே தேர்வுத் தாளில் எழுதியிருக்கிறாராம்.

இரண்டும் சரியாக இருக்கலாம் என்றேன். வகுப்பில் சலசலப்பு. ஆளாளுக்கு ஏதோ சொன்னார்கள். நான் தயார் செய்து வைத்திருந்த விளக்கத்தை எடுக்கப் போனபோது இரண்டாம் பெஞ்சில் முணுமுணுப்பு நடந்தது. காய்ச்சல் விட்டு வந்த ரேடியோ எழுந்தாள்.

"ரெண்டு தாள் இருந்தா இருபது சார். ஒரே தாள்னா பத்துதான். அப்படின்னு இவ சொல்றா."

தயார் செய்ததை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். மீதி நேரம் முழுக்க ஒரே விளையாட்டு: நான் ஒரு கணக்குச் சொல்வேன், அவர்கள் 'ரெண்டு தாள்' அல்லது 'ஒரே தாள்' என்று கத்த வேண்டும். பக்கத்து வகுப்பிலிருந்து புகார் வந்தது.

நவம்பர் 9, வியாழன்

தேர்வுத் தாளில் கூட்டல் குறி போடுவதை நிறுத்திவிட்டேன். 'பத்துக் கேள்வி, நான்கு சரி' என்று எழுதுகிறேன். அக்கா கூப்பிட்டு அனுப்பினாள்.

"பெத்தவங்க கேக்கிறாங்கடா. மார்க் எங்கேன்னு."

"அதுதானே அங்க எழுதியிருக்கு."

"அது வாக்கியம். அவங்களுக்கு மார்க் வேணும்."

பத்திரிகைக்காரன் புத்தி போகவில்லை, மார்க்கையும் செய்தியாக எழுதுகிறாய் என்று சொன்னாள். காரணத்தை விளக்கினேன். கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். கடைசியில், இந்தப் பருவம் முடியும்வரை என்று ஒத்துக்கொண்டாள்.

டிசம்பர் 1, வெள்ளி

வாராந்திரத் தேர்வில் பேட்டரி பத்துக்கு ஆறு. அவளால் வேகமாக எழுத முடியவில்லை. ஒவ்வொரு விடையையும் அழித்து அழித்து இரண்டு முறை எழுதுகிறாள். போட்டவரைக்கும் சரி.

டிசம்பர் 7, வியாழன்

அரையாண்டுக் கணக்குத் தேர்வு. கேள்வித்தாளைத் தயாரிப்பது பல பள்ளிகள் சேர்ந்து வைத்திருக்கும் ஒரு தேர்வுக் குழு. திருத்துவதற்கான விடைக்குறிப்பும் அங்கிருந்தே வரும். எனக்கு வேறு அறையில் மேற்பார்வை. முடிந்து வெளியே வந்தபோது ரேடியோ எல்லாரிடமும் விடை ஒப்பித்துக்கொண்டிருந்தாள். சின்னவள் கைகழுவும் இடத்தில் விரலில் இருந்த பென்சில் கரியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எப்படி எழுதினாய் என்று கேட்டேன். தோளைக் குலுக்கினாள். அது நல்லதா கெட்டதா தெரியவில்லை.

டிசம்பர் 12, செவ்வாய்

திருத்தி முடித்தேன். ஐம்பதுக்கு இருபது வாங்கினால் தேர்ச்சி. பேட்டரி பத்தொன்பது.

கடைசிப் பக்கத்தை அவள் தொடவே இல்லை. நேரம் போதவில்லை. மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். பத்தொன்பதுதான்.

நாலாவது தடவை கூட்டாமல் படித்தேன். பதினான்காம் கேள்வி, இரண்டு மார்க்:

'எட்டுப் பென்சில்கள் கொண்ட ஒரு டப்பாவில் 3/8 பங்கு சிவப்பு. எட்டுப் பென்சில்கள் கொண்ட மற்றொரு டப்பாவில் 4/8 பங்கு சிவப்பு. இரண்டு டப்பாக்களிலும் உள்ள மொத்தப் பென்சில்களில் சிவப்பு எத்தனை பங்கு?'

குழுவின் விடை: 7/8. வகுப்பில் ஏறக்குறைய எல்லாரும் அதையே எழுதியிருக்கிறார்கள். ரேடியோவும்தான், அவளுக்கு முப்பத்தெட்டு. பேட்டரி 7/16 என்று எழுதியிருக்கிறாள். விடைக்குறிப்பைப் பார்த்து நான் அதைத் தப்பு என்று குறித்திருக்கிறேன். கை பழக்கத்தில் போட்ட குறி.

மேசை இழுப்பறையில் இருந்த பென்சில்களை எடுத்து எண்ணி வைத்தேன். பதினாறு பென்சில். சிவப்பு ஏழு. எட்டில் ஏழு சிவப்பு என்றால், பதினாறில் பதினான்கு சிவப்பாக இருக்க வேண்டும். இல்லை.

'கீழே கூட்டாதே, கூட்டாதே' என்று நான் கத்தியதில் எல்லாரும் கீழே கூட்டாமல் எழுதியிருக்கிறார்கள். அவள் மட்டும்தான் இது ரெண்டு தாள் என்று பார்த்திருக்கிறாள். அதற்கு நான் தப்பு போட்டேன்.

இரண்டு மார்க் சேர்ந்தால் இருபத்தொன்று.

டிசம்பர் 13, புதன்

தாளையும் பென்சில்களையும் எடுத்துக்கொண்டு அக்காவின் அறைக்குப் போனேன். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள். ஒரு முறை கேட்டதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. அதுதான் கஷ்டம். புரியாதவளாக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

"விடை தப்புதான். ஆனா விடைக்குறிப்பு என்னுது இல்லை. நான் இங்க ரெண்டு மார்க் ஏத்தினா மத்த பள்ளிக்கூடங்கள்ல?"

"அங்கயும் ஏத்தட்டும்."

"நீ அந்தப் பொண்ணுக்காகப் பேசுறியா, கணக்குக்காகப் பேசுறியா?"

"ரெண்டுக்கும்."

"ரெண்டுல ஒண்ணைச் சொல்லு. நாளைக்கு என்னைக் கேப்பாங்க."

கணக்குக்காக என்றேன். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. குழுவிடம் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தாள். நான் வெளியே நின்றேன். கண்ணாடி வழியாக அவள் தலையசைப்பது மட்டும் தெரிந்தது.

டிசம்பர் 15, வெள்ளி

குழுவின் பதில் வந்தது. பதினான்காம் கேள்வியில் 'குழப்பம்' இருப்பதால் அது நீக்கப்படுகிறது. மொத்தம் நாற்பத்தெட்டுக்குக் கணக்கிட்டுக்கொள்ளவும். விடை தப்பு என்ற சொல் எங்கும் இல்லை. இந்த மாதிரி மறுப்பு அறிக்கைகளைப் படித்துப் படித்துத்தான் என் தலை நரைத்தது.

அக்கா கால்குலேட்டரில் தட்டி என் பக்கம் திருப்பினாள். நாற்பத்தெட்டில் நூற்றுக்கு நாற்பது: 19.2.

பேட்டரி பத்தொன்பது.

"அஞ்சுல ஒரு பங்கு மார்க், தம்பி" என்றாள். சிரிக்கவில்லை. நானும்தான்.

19.2ஐப் பத்தொன்பது என்று எடுப்பதா, இருபது என்று எடுப்பதா? குழுவிடம் கேட்டாளாம். அது தலைமை ஆசிரியரின் முடிவு என்று சொல்லிவிட்டார்கள். பத்தொன்பது என்று எடுத்தால் என்ன கெட்டுவிடும் என்றேன்.

"இன்னைக்குப் புள்ளி ரெண்டு. நாளைக்கு இன்னொருத்தர் புள்ளி நாலுக்கு வந்து நிப்பார். அவருக்காகப் பேச என் தம்பி இங்க வாத்தியாரா இருக்க மாட்டான். அப்ப நான் என்ன சொல்றது?"

எனக்குச் சுருக்கென்றது. அவள் வேண்டுமென்றே சொல்லவில்லை. இருந்தாலும்.

டிசம்பர் 18, திங்கள்

அக்கா பேட்டரியைத் தன் அறைக்கு வரச் சொன்னாள். நான் ஓரத்தில் இருக்கலாம், வாய் திறக்கக் கூடாது என்று நிபந்தனை.

இருவரும் வந்தார்கள். ரேடியோ உள்ளே கால் வைத்ததுமே, "மேடம், இவ என்ன சொல்றான்னா" என்று தொடங்கினாள். சின்னவள் இன்னும் ஒன்றும் சொல்லவே இல்லை. அக்கா பெரியவளை வராந்தாவில் நிற்கச் சொன்னாள். கதவைச் சாத்தும்வரை சின்னவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேசைமேல் இரண்டு பென்சில் டப்பாக்கள். "பதினாலாவது கேள்விக்கு நீ எழுதினதை எனக்குச் சொல்லு" என்றாள் அக்கா. பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு கோப்புகளில் கையெழுத்துப் போட ஆரம்பித்தாள். அவசரமே இல்லாமல், பக்கம் பக்கமாக. கேட்டுவிட்டுச் சும்மா இருப்பதை நான் தொழிலில் கற்றேன். அவள் எங்கே கற்றாள்?

நேரம் போனது. ஒரு முறை எனக்கு இருமல் வந்தது, அடக்கிக்கொண்டேன். பேட்டரி டப்பாக்களைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். பிறகு இரண்டு டப்பாவையும் எடுத்து மேசைமேல் ஒரேயடியாகக் கவிழ்த்தாள். பென்சில்கள் உருண்டு ஒன்றோடு ஒன்று கலந்தன. ஒன்று என் காலடியில் விழுந்தது. குனிந்து எடுத்து வைத்தேன். சிவப்பை மட்டும் பொறுக்கித் தனியாக அடுக்கினாள்.

"மொத்தம்னு கேட்டிருக்காங்க மேடம்."

சற்றுக் கரகரப்பான குரல். நான் எதிர்பார்த்த குரல் அல்ல. பெரியவளின் குரல் மாதிரியே இருக்கும் என்று எப்படியோ நினைத்திருந்தேன்.

அக்கா நிமிரவில்லை. "ஒரே டப்பான்னா?"

"ஒரே டப்பான்னா மூணும் நாலும் அதுக்குள்ளயே இருக்கும். அப்ப எட்டுல ஏழு. இது ரெண்டு டப்பா. பதினாறுல ஏழு."

"உன் கிளாஸ்ல எல்லாரும் எட்டுல ஏழுன்னு எழுதியிருக்காங்களே."

பேட்டரி யோசித்தாள். "அவங்க கொட்டிப் பாக்கலை" என்றாள்.

இப்போதுதான் அக்கா பேனாவை வைத்தாள். "இவ்வளவு தெரியுதே, கிளாஸ்ல ஏன் பேச மாட்டேங்கிற?"

"அவளே பேசிடுறா மேடம்."

புகார் மாதிரி இல்லை. மழை பெய்கிறது என்பதைப் போலச் சொன்னாள். பென்சில்களைத் திரும்ப டப்பாவில் போட்டுவிட்டுக் கிளாஸுக்குப் போகச் சொன்னாள் அக்கா. எட்டு எட்டாக எண்ணிப் போட்டுவிட்டுப் போனாள்.

வராந்தாவில் ரேடியோ, "என்னடி கேட்டாங்க, நீ என்ன சொன்னே?" என்று கேட்பது கேட்டது. பதில் கேட்கவில்லை.

நான் அக்காவைப் பார்த்தேன். "நீ ஒண்ணும் சொல்லாதே" என்றாள். சொல்லவில்லை.

டிசம்பர் 21, வியாழன்

நாளை முதல் விடுமுறை. அக்கா இன்னும் முடிவைச் சொல்லவில்லை. யார் எந்தப் பிரிவு என்பது பள்ளி திறக்கும் அன்றுதான் தெரியும்.

ஓட்டுநர் வாசலுக்கு வந்தார். அன்றைக்கு மேடம் அறையில் என்ன நடந்தது என்று பெரியவள் வீட்டில் நச்சரித்தும் சின்னவள் சொல்லவே இல்லையாம். "மேடத்துக்கிட்ட பேசினேன்" என்று மட்டும் சொன்னாளாம். "நிஜமா பேசினாளா சார்?" என்று என்னைக் கேட்டார். பேசினாள் என்றேன். என்ன பேசினாள்? பின்னக் கணக்கு என்றேன். அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார்.

முடிவு என்ன என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? பத்தொன்பதா, இருபதா? ஒரு துண்டு மார்க்கு, அதைக் கையில எடுத்துக் காட்டக்கூட முடியாது, அதுல ஒரு பிள்ளையைத் தொங்கவிட்டிருக்கோம். ச்சே.

அக்காவின்மேல் கோபம் வருகிறது. அவள் இடத்தில் இருந்தால் நான் என்ன செய்வேன் என்று யோசித்தால் கோபம் குறைகிறது. குறைவதும் பிடிக்கவில்லை.

டிசம்பர் 30, சனி

மனைவியும் நானும் அக்கா வீட்டுக்குப் போனோம். பள்ளிப் பேச்சு வரவில்லை. கிளம்பும்போது மனைவி நேராகவே கேட்டுவிட்டாள். "வீட்டுல ஆபீஸ் இல்லை" என்றாள் அக்கா. திரும்பி வரும் வழியெல்லாம் மனைவி, "உங்க குடும்பத்துல எல்லாரும் இப்படித்தானா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

ஜனவரி 8, திங்கள்

பள்ளி திறந்தது. என் வகுப்பிலிருந்து நான்கு பேர் கீழ்த்தளத்துக்குப் போயிருக்கிறார்கள். பெஞ்சுகளில் இடம் கூடியதால் பிள்ளைகள் தாங்களாகவே கலைந்து உட்கார்ந்திருந்தார்கள். யார் எங்கே என்று பிடிபடவே கொஞ்ச நேரம் ஆயிற்று. கணக்கு டீச்சர் மாதக் கடைசியில் வருகிறார். அதற்குள் பின்னக் கழித்தலை முடித்துவிட வேண்டும்.

பலகையில் 3/4 − 1/3 எழுதிக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் பேச்சுக் குரல். நிற்கும் என்று பார்த்தேன், நிற்கவில்லை. எப்போதும் யாருடைய வேலையோ அவளுடையதுதான் என்று நினைத்து, திரும்பாமலே, "ரேடியோவை அணைம்மா" என்றேன்.

"நான் இல்லை சார்" என்றாள் ரேடியோ. இரண்டாம் பெஞ்சில் இருந்து, உண்மையாகவே மனம் நொந்து.

திரும்பினேன். பேச்சு நான்காம் பெஞ்சிலிருந்து வந்துகொண்டிருந்தது. பேட்டரி பக்கத்துப் பெண்ணின் நோட்டில் கோடு போட்டு, "ஒரே பட்டைதான், அதையே பன்னெண்டாப் பிரி" என்று கரகரத்த குரலில் அதட்டிக்கொண்டிருந்தாள். நான் பார்ப்பது அவளுக்குத் தெரியவில்லை.

வகுப்பு நேரத்தில் என்ன பேச்சு என்று கேட்டு, எழுந்து நிற்கச் சொன்னேன். நின்றாள். பேசியதற்காக இந்தப் பள்ளியில் அவள் எழுந்து நிற்பது இதுதான் முதல் முறையாக இருக்கும்.

நான் பலகைக்குத் திரும்பிக் கணக்கை முடித்தேன். உட்காரச் சொல்ல மறந்துவிட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவளே உட்கார்ந்துகொண்டாள்.